காற்றைத் துப்புரவாக்க வந்த கல்தூள்

உலகத்தின் காற்றிலே கரியமில வாயுவான காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது என்பதும், அதைக் குறைத்துத் தரும் பாரிய பொறுப்பு, திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கிளிவெட்டிக்கும் அப்பால் கிடக்கிற புளியடிக்குடியிருப்பு என்னும் கிராமத்துக்கு வழங்கப்பட்டிருக்கிறது என்பதும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்துச் சனங்களுக்கு அறிவிக்கப்பட்டன.

புளியடிக்குடியிருப்பில் அந்த நாட்களில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் இல்லை. பஸ் வருவதில்லை. டீசல் இல்லாமல் உழவு மெசின்களில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. அரிசி ஆலையின் புகைபோக்கிக்குள் ஆலமரம் ஒன்று முளைத்திருந்தது. உலகத்தின் காற்றை ஊத்தையாக்குவதற்கு அந்தச் சனத்திடம் மிஞ்சியிருந்த ஒரேயொரு வசதி மூச்சு விடுவதுதான். அதையும் செல் குண்டு வருகிற நேரங்களில் அடக்கித்தான் வைத்திருந்தார்கள்.

கமலேஸ்வரி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில், வாசலோரக் கதிரையில் இருந்தாள். வாசலோரம் இருப்பது அவளுடைய கொள்கை. கலியாண வீட்டிலும் வாசலோரம், கோயிலிலும் வாசலோரம். புருஷன் கட்டாருக்கு வேலைக்குப் போனபிறகு அவளுக்குப் பயம் ஒரு முழுநேர உத்தியோகமாகிவிட்டது. குசினியில் பால் காய்ச்சும்போது ஒரு காது அடுப்பிலும் மற்றக் காது வானத்திலும் இருக்கும். வீட்டுக்குள் கழற்றிவிடுகிற செருப்பு எப்போதும் பின்வளவில் வெட்டியிருந்த பதுங்குகுழியை, பங்கரைப் பார்த்தபடி இருக்கும். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தலையில் பாதிக்குத்தான் சவர்க்காரம் போடுவாள். இடையில் ஓடவேண்டி வந்தால் கண்ணுக்குள் நுரை போகக்கூடாதாம்.

மேடையில் நின்று பேசியவர், சுற்றுச்சூழலைப் பார்க்கும் சுற்றாடல் செயற்றிட்டத்தின் இணைப்பாளர் ஞானசேகரம். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அந்த வெயிலில் கழுத்துப்பட்டி கட்டிய மனிதரைக் கண்டு ஊர் நாய்கள்கூட மரியாதையாகத் தள்ளிப் படுத்துக்கொண்டன.

"இது பச்சைநிறமான ஒரு இயற்கைக் கல்லு," என்றார் அவர். "காற்றில இருக்கிற காபனீரொட்சைட்டைப் பிடிச்சுத் தன்னோடயே வைச்சுக்கொள்ளும். மலையில சும்மா கிடந்தால் ஆயிரக்கணக்கான வருஷம் எடுக்கும். மாவாய் அரைச்சு, வயலில மெல்லிசாத் தூவி, மழைத் தண்ணி பட்டுதெண்டால் கெதியாப் பிடிச்சுப்போடும். பிடிச்சதைத் திருப்பி விடவும் மாட்டாது."

கமலேஸ்வரியின் அடுத்த வளவுக்காரி பரீதா கையை உயர்த்தினாள். அவளும் புருஷன் அலியாரும் செல் அடிக்கிற நேரங்களில் கமலேஸ்வரியின் பங்கருக்குள்தான் குடியிருப்பார்கள்.

"தம்பி, மேலால போற காத்தைப் பிடிக்கிற கல்லுக்கு, மேலால வாற செல்லைப் பிடிக்க ஏலாதோ?"

"அது எங்கட செயற்றிட்டத்தின்ர விடயப்பரப்புக்குள்ள வராது, அம்மா," என்றார் ஞானசேகரம், மிகவும் மரியாதையாக.

அந்த நேரம் பார்த்து வெளியே லொறி வந்து நின்றது. அதற்குப் பிறகு அவர் பேசிய முக்கால் மணித்தியாலப் பேச்சை ஒருவரும் கேட்கவில்லை. சனம் முழுவதும் யன்னலால் லொறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

லொறி நிறைய மூட்டைகள். தடித்த இழையில் இரட்டையாகப் பின்னின, வாய் இறுகத் தைத்த, வெயிலுக்கு உக்காத வெள்ளை மூட்டைகள்.

வெளியூர்க்காரருக்கு இதன் பெறுமதி விளங்காது. சண்டைக்காலத்தில் அந்தப் பக்கத்துக்கு யூரியா கொண்டுபோகத் தடை; ஆகவே யூரியாப் பை இல்லை. சீமெந்து தடை, ஆகவே சீமெந்துப் பையும் இல்லை. ஊரிலுள்ள பங்கர்களின்மேல் அடுக்கியிருந்த மண்மூட்டைகள் எல்லாம் பழைய அரிசிப் பைகள். இரண்டு மாரியும் ஒரு கோடையும் கண்டு உக்கிப்போய், தொட்டால் கையோடு வந்தன. எங்கேயோ தூரத்தில் செல் விழுந்தாலே கமலேஸ்வரியின் பங்கரில் கூரைப் பனங்குற்றிகளுக்கு இடையால் மண் பொலபொலவென்று பிள்ளையின் தலையில் கொட்டும். கிட்ட விழுந்தால் என்ன கொட்டும் என்பதை அவள் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைத்துப் பார்க்காமல் இருப்பதற்காகவே அவள் நித்திரை கொள்வதில்லை.

சீமெந்தும் யூரியாவும் வராத சோதனைச்சாவடியால் இந்த மூட்டைகள் எப்படி வந்தன என்று கேட்டால், விடை மிகச் சுலபம். தடை செய்யப்பட்ட பொருட்களின் வரிசையில் சீமெந்து இருந்தது, பற்றரி இருந்தது, மெழுகுதிரிகூட இருந்தது. 'காற்றைத் துப்புரவாக்கும் தூள்' இருக்கவில்லை. அப்படி ஒன்றை இந்தப் பக்கத்துக்கு ஆராவது அனுப்புவார்கள் என்று தடை செய்தவர்களுக்கே தோன்றவில்லை.

மூட்டைகள் வீட்டுக்கு வீடு பகிர்ந்து கொடுக்கப்பட்டன. அவற்றை என்ன செய்வதென்று புளியடிக்குடியிருப்பில் ஒருவரையொருவர் கேட்கவில்லை. கையில் குழந்தையைத் தந்தால் இடுப்பில் வைப்பதுபோல, மூட்டையைத் தந்தால் பங்கரில் வைப்பதுதான் அங்கே வழக்கம். ஒரு மூட்டையைக்கூட ஒருவரும் அவிழ்க்கவில்லை. பரீதா தன் பங்கையும் கமலேஸ்வரியின் வளவுக்குக் கொண்டுவந்தாள். அலியார் ஏறி நின்று, பழைய பைகளை இழுத்துப் போட்டுவிட்டு, புது மூட்டைகளைச் செங்கல் வைப்பதுபோல மூட்டுக்கு மூட்டு மாற்றி அடுக்கினார்.

"எந்த மவராசன் அனுப்பினானோ," என்றார் அலியார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "எங்கட கஷ்டம் விளங்கின ஆள்."

அன்றிரவு கமலேஸ்வரி நித்திரை கொண்டாள்.

அடுத்த மாதம் முன்னேற்றத்தைப் பார்வையிடுவதற்காக ஞானசேகரம் வெள்ளை வாகனத்தில் வந்து இறங்கினார். கையில் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை அளக்கிற மீற்றர். கிராம சேவகர் சோமசேகரம் அவரை எதிர்கொண்டார். சோமசேகரம் சண்டை போடுகிற இரண்டு பக்கத்தாருக்கும் பதில் சொல்லிப் பழகிய மனிதர். எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரு மறுமொழி இருக்கும். மறுமொழி இருக்குமே தவிர, அதற்குள் ஒன்றும் இருக்காது.

"தூள் எங்க, ஜி.எஸ்.?"

"போட்டாச்சு, சேர்."

"எங்க போட்டது?"

"உரிய இடத்தில, சேர்."

"தூவினீங்களோ?"

"தூவினது எண்டு சொல்ல ஏலாது. அடுக்கினது."

"அடுக்கினதோ?"

"வயலுக்குப் போறதுக்குப் பாஸ் இல்லை, சேர். பாஸ் கிடைச்சாலும் போற வழி முழுக்க மிதிவெடிப் பலகை. அதுதான் வயலை நிமிர்த்தி வைச்சமாதிரி ஒரு முறை. செங்குத்தாப் பரப்பியிருக்கிறம்."

கமலேஸ்வரியின் பின்வளவுக்கு வந்து அந்தச் செங்குத்து வயலைக் கண்டதும் ஞானசேகரத்தின் முகம் கறுத்தது. கட்டின மூட்டைக்குள் காற்றும் போகாது, மழையும் போகாது. எல்லா மூட்டைகளையும் இந்தக் கிழமைக்குள் இறக்கி, தூளைக் கொட்டித் தூவி, வெறும் பைகளைத் தன் அலுவலகக் கந்தோரில் ஒப்படைக்கவேண்டும் என்று உத்தரவிட்டார்.

கமலேஸ்வரி, கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிமார் பழக்கிவிட்ட பணிவோடு கேட்டாள்.

"தூளை வடிவாத் தூவிவிடுறம், சேர். பையை மட்டும் தாங்கோ. மண் நிரப்பித் திருப்பி அடுக்கிப்போடுறம்."

"பை செயற்றிட்டத்தின்ர ஆதனம், அம்மா. பிறகு, மண் நிரப்பினால் அது மண்மூட்டை. மண்மூட்டை எண்டால் பாதுகாப்பு விடயம். நாங்கள் சுற்றாடல்."

"கல்தூள் நிரப்பினால்?"

"கல்தூள் நிரப்பினால் சுற்றாடல்."

"அப்ப இது இப்ப சுற்றாடலாத்தானே இருக்கு, சேர்."

ஞானசேகரம் சற்று யோசித்தார். பிறகு யோசிப்பது தன் பதவிக்குரிய கடமைகளில் இல்லை என்பது நினைவுக்கு வந்தவராய்ச் சாரதியைப் பார்த்து, "முதல் மூட்டையை இறக்கு," என்றார்.

சாரதி ஏறப்போனான். கமலேஸ்வரி பிள்ளையோடு போய் அந்த மூட்டையின்மேல் இருந்துகொண்டாள். வாழ்க்கையில் அவள் செய்த முதல் எதிர்ப்பு நடவடிக்கை அது.

அப்போதுதான் மேற்குப் பக்கத்தில் 'டும்' என்றது.

செல் சத்தம் கேட்டதும் முதலில் பங்கருக்குள் இறங்குகிற ஆள் கமலேஸ்வரி என்பது ஊரறிந்த விடயம். அந்தச் சாதனை அன்றைக்கு முறியடிக்கப்பட்டது. செயற்றிட்ட இணைப்பாளர் எப்போது, எந்தப் பக்கத்தால் இறங்கினார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவள் பிள்ளையை அணைத்தபடி படியிறங்கியபோது அவர் உள்மூலையில் ஏற்கெனவே கழுத்துப்பட்டியைத் தலையில் போட்டுக்கொண்டு இருந்தார். பின்னால் பரீதா, அலியார், சோமசேகரம், கடைசியாகச் சாரதி.

அடுத்த செல் கிட்ட விழுந்தது. அதற்கடுத்தது இன்னும் கிட்ட. பனங்குற்றிகள் அதிர்ந்தன. கமலேஸ்வரி பிள்ளையின் தலைக்குமேல் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்து, மண் கொட்டப்போகிறது என்று காத்திருந்தாள். ஒரு துகள்கூடக் கொட்டவில்லை.

மண்ணுக்குப் பதிலாக 'பீப், பீப்' என்று ஒரு சத்தம் வந்தது. ஞானசேகரத்தின் மடியிலிருந்த மீற்றர்.

"என்ன சேர், வெடிக்கப் போகுதோ?" என்றார் அலியார்.

"இல்லை. இங்க காபனீரொட்சைட்டு ஏறுது." ஞானசேகரம் மீற்றரைப் பார்த்தபடி நடுங்கினார். எதற்கு நடுங்கினார் என்று பிரித்துச் சொல்வது கடினம். "நான் இந்த மாவட்டத்தில எங்கயும் இவ்வளவு அளவு கண்டதில்லை. தயவுசெய்து ஆராவது மூச்சைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ."

"நீங்கதான் சேர் கூடுதலா விடுறீங்க," என்றாள் பரீதா.

அந்த இருட்டில், பிள்ளையின் உச்சந்தலை தன் உள்ளங்கையில் துடிப்பதை உணர்ந்துகொண்டிருந்த கமலேஸ்வரிக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. பயந்தவர்களுக்கு யோசனை வேகமாக வரும்.

"சேர், காபனீரொட்சைட்டு எங்க கூடுதலா இருக்கோ அங்கதானே தூள் இருக்கவேணும்?"

"ஓம்."

"வெளியில கூடுதலா இருக்கோ, இங்கயோ?"

"இங்கதான்."

"தூள் எங்க இருக்கு?"

ஞானசேகரம் தலையிலிருந்த கழுத்துப்பட்டியை மெதுவாக எடுத்தார். தலைக்குமேல் அண்ணாந்து பார்த்தார்.

சத்தம் அடங்கியபிறகு வெளியே வந்து பார்த்தார்கள். குசினிக் கூரையில் ஒரு பக்கம் இல்லை. பங்கரின் மேல் மூட்டை ஒன்றில் கைபோகிற அளவுக்கு ஓட்டை. அதற்குள்ளிருந்து பச்சைநிறமான தூள் நிலத்தில் மெல்லிசாகப் பரவிக்கொண்டிருந்தது. கமலேஸ்வரி அந்த ஓட்டையைப் பார்த்தாள். பிள்ளை இருந்த இடத்துக்கு நேர்மேலே அது. அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

ஞானசேகரம் பேனையை எடுத்து, 'இம்மூட்டை வெற்றிகரமாகத் தூவப்பட்டுள்ளது' என்று குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு விடயங்கள் வேகமாக நடந்தன. பங்கர்கள் எல்லாம் 'நிலக்கீழ் காபன் கைப்பற்றல் நிலையங்கள்' என்று அங்கீகரிக்கப்பட்டன. மூட்டைகளைத் தொடக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு வந்தது. ஒவ்வொரு பங்கர் வாசலிலும் மும்மொழிப் பெயர்ப்பலகை நாட்டப்பட்டது. பலகை பெரிது, வாசல் சிறிது. ஆகவே செல் வரும்போது சனங்கள் முதலில் பலகையைக் கழற்றி மரியாதையாக ஒருபக்கம் சாத்திவிட்டு இறங்கவேண்டியிருந்தது. எல்லாருக்கும் 'நான் காற்றைக் காக்கிறேன்' என்று எழுதின பச்சை ரீசேட் கொடுத்தார்கள். பரீதா அதைத் தலையணைக்கு உறையாகப் போட்டாள்.

திருகோணமலை நகரத்துக்கும் விடயம் பரவியது. பெரிய வீடுகளில் அந்தத் தூளைக் கண்ணாடிப் போத்தலில் நிரப்பி, வரவேற்பறையில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் வைப்பது நாகரிகமாயிற்று. பக்கத்தில் குளிரூட்டி ஓடும். போத்தல் வைத்திருக்கிறபடியால் குளிரூட்டியை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டால் பாவமில்லை என்று விருந்தாளிகள் கதைத்துக்கொண்டார்கள்.

கந்தோர்தான் ஒரு குறையைக் கண்டுபிடித்தது. ஆட்கள் உள்ளே இல்லாதபோது பங்கருக்குள் மீற்றர் ஏறுவதில்லை. மீற்றர் ஏறாவிட்டால் பிடிப்பதற்குக் காபனீரொட்சைட்டு இல்லை. பிடிப்பதற்கு ஒன்றும் இல்லையென்றால் பிடித்ததாக எப்படி அறிக்கை எழுதுவது? ஆகவே சனங்கள் கந்தோர் நேரத்தில் பங்கருக்குள் இருந்து, பிடிபடுவதற்குப் போதிய மூச்சை விட்டுக் கொடுக்கவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. தவறும் நிலையங்களின் மூட்டைகள் மீளப்பெறப்படும். கைக்குழந்தைகள் அரை ஆளாகக் கொள்ளப்படுவர்.

"செல் அடிக்காத நாளிலயுமோ?" என்று கேட்டார் அலியார்.

"செல்லுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை," என்றார் சோமசேகரம். "இது சுற்றாடல்."

மூட்டைகள் போய்விடக்கூடாதே என்று கமலேஸ்வரி ஒவ்வொரு நாளும் பிள்ளையோடு இறங்கி இருந்தாள். விளையாட்டுச் சாமான்கள் உள்ளே போயின. பால்போத்தல் போயிற்று. அலியார் உள்ளே படுத்துக் குறட்டை விட்டார். குறட்டை விடும்போது மீற்றர் நன்றாக ஏறுவதைக் கண்டு, அவரை அடுத்தடுத்த நிலையங்களுக்கும் இரவல் கேட்டார்கள். ஒருமுறை பிள்ளைக்குத் தடிமல் பிடித்து மூக்கு அடைத்ததால் அந்தக் கிழமைக்கான கடிதம் இப்படி வந்தது: 'தங்கள் நிலையத்தின் சுவாசம் திருப்திகரமாக இல்லை. காரணம் கூறுக.'

கமலேஸ்வரி காரணம் கூறினாள். தடிமலுக்கு வைத்தியச் சான்றிதழ் கேட்டார்கள். வைத்தியர் மூன்று சோதனைச்சாவடிக்கு அப்பால் இருந்தார்.

பிறகு, ஒருவரும் எதிர்பாராத ஒரு சங்கடம் வந்தது. செல் அடி நின்றுபோயிற்று.

ஏன் நின்றதென்று தெரியாது. எங்கேயோ பேச்சுவார்த்தை என்றார்கள். மரங்களில் குருவிகள் வந்து குந்தின. கிளிவெட்டிப் பக்கத்தால் ஒரு பஸ் வந்து, வழிதவறி வந்ததோ என்று சனம் பார்த்துக்கொண்டிருக்க, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. கமலேஸ்வரியின் பிள்ளை வளவில் எழும்பி நின்று, விழுந்து, திரும்ப எழும்பி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு அவள் கந்தோர் நேரத்தில் வெளியே இருந்துவிட்டாள். ஊர் முழுக்க அப்படித்தான். நிலையங்களின் சுவாசம் அடியோடு விழுந்தது.

ஞானசேகரம் ஓடிவந்தார். ஆனால் அவர் முகத்தில் கவலையோடு ஒரு பிரகாசமும் இருந்தது. கமலேஸ்வரியின் வீட்டு விறாந்தையில் எல்லாரும் கூடினார்கள். பரீதா பிளேன்ரீ கொண்டுவந்தாள்.

"மேலிடத்தில மூட்டையை எல்லாம் திருப்பி எடுக்கச் சொல்லிப்போட்டினம்," என்றார் ஞானசேகரம். "ஆனால் ஒரு நல்ல செய்தி. இந்தப் பகுதிக் காற்றை வெளியில வைச்சு அளந்தது. நாட்டிலயே மிகத் தூய காற்று இங்கதான். நகரத்தை விடக் காபனீரொட்சைட்டு குறைவு."

"அது கரண்ட் இல்லை, பஸ் இல்லை, மெசின் இல்லை எண்டதாலதானே, சேர்," என்றாள் கமலேஸ்வரி.

"காரணங்களைப் பற்றி அறிக்கையில இடம் இல்லை, அம்மா. பலனுக்கு மட்டும்தான் இடம். செயற்றிட்டம் தொடரவேணும் எண்டு ஊரே கேட்டால், மூட்டையை எடுக்க மாட்டினம். ஒரு விண்ணப்பம் எழுதவேணும். இந்தப் பலன் எந்த நிலைமையில கிடைச்சுதோ, அந்த நிலைமை தொடரவேணும் எண்டு கேட்கவேணும். அதுதான் விதி."

எல்லாரும் கமலேஸ்வரியைப் பார்த்தார்கள். கன்னியர் மடத்தில் படித்தவள். கையெழுத்து முத்து மாதிரி.

அவள் வளவைப் பார்த்தாள். பிள்ளை பங்கர் வாசல் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பேச்சுவார்த்தைகளை அவள் முன்பும் கண்டிருக்கிறாள். அவை வரும், போகும். உக்காத பை இன்னொருமுறை வராது. பேச்சுவார்த்தை போய், மூட்டையும் போய்விட்டால் பிள்ளையின் தலைக்குமேல் மிஞ்சப்போவது அவளுடைய இரண்டு கைகள்தான். அவள் பேனையை எடுத்தாள். ஞானசேகரம் சொல்லச் சொல்ல, சாய்வில்லாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்.

"என்ன தங்கச்சி எழுதியிருக்கு?" என்றாள் பரீதா.

"மூட்டை எங்களோடயே இருக்கட்டும் எண்டு, ராத்தா."

"அது மட்டுமோ?"

கமலேஸ்வரி கடைசி வரியை வாசித்தாள். "இப்பிரதேசத்தில் இதுவரை நிலவிய நிலைமை எவ்வித மாற்றமுமின்றித் தொடர்வதற்கு ஆவன செய்யுமாறு கிராம மக்களாகிய நாம் ஏகமனதாக வேண்டிக்கொள்கிறோம்."

அலியார் பிளேன்ரீயை ஊதிக் குடித்தார்.

"மூட்டை நல்ல மூட்டை," என்றார் பிறகு.

பரீதா பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தாள். அலியார் வைத்தார். சோமசேகரம் முத்திரை குத்தினார். ஊர் முழுவதும் வரிசையில் நின்று வைத்தது. எல்லாருக்கும் முதலில், தெளிவான எழுத்தில், கமலேஸ்வரியின் பெயர் இருந்தது.

புளியடிக்குடியிருப்பு மக்கள் பாலம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள். மின்சாரம் கேட்டிருக்கிறார்கள். மருந்துச்சாலை கேட்டிருக்கிறார்கள். அவையெல்லாம் இன்றைக்கும் பரிசீலனையில் இருக்கின்றன. இந்த விண்ணப்பம் ஒன்றுதான் கேட்டபடியே, ஒரு சொல் குறையாமல், தாமதமின்றி நிறைவேற்றப்பட்டது. அது கந்தோருக்குப் போய்ச் சேர முதலே, அடுத்த நாள் காலை, மேற்குப் பக்கத்தால் 'டும், டும்' என்று அனுமதி வந்து விழத் தொடங்கியது.